கிடுகுக்குக் கீழே ஓர் ஊர்

திங்கட்கிழமை காலை கதிர்காமநாதன் மாஸ்டரின் சைக்கிள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றதுமே இரண்டாம் வகுப்புக்கு விளங்கிவிட்டது, இந்தக் கிழமை ஏதோ நடக்கப் போகிறது என்று. மற்றத் திங்கட்கிழமைகளில் மனுசன் யாழ்ப்பாண ரயிலில் தூங்கி வழிந்த முகத்தோடு வருவார், ஊரில் இருந்து கொண்டுவந்த பனங்கட்டியை மேசை லாச்சிக்குள் வைப்பார், "சிலேற்றை எடுங்கோ" என்பார், அவ்வளவுதான். இன்றைக்கோ சைக்கிளை நிறுத்த முன்னமே கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"பிள்ளையள், வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வாறார். நாங்கள் என்ன செய்து காட்டப் போறம் தெரியுமோ? ஊர்! முத்தத்து மண்ணிலை அவரவர் ஊரைச் செய்து காட்டப் போறம்!"

வாய்ப்பாடு இல்லை, சிலேற்று இல்லை, மண்ணிலே விளையாட்டு! அதுவும் வாத்தியாரே சொல்லி விளையாடுவதென்றால் சும்மாவா? கிளம்பிய கூச்சலில் பக்கத்து வகுப்பு எழும்பி எட்டிப் பார்த்தது.

"ஊர் எண்டா என்ன?" என்று கேட்டார் மாஸ்டர். ஒருவரும் வாய் திறக்க முன்னம் தானே கரும்பலகையில் எழுதினார். எங்கள் ஊரில் கோயில் உண்டு. எங்கள் ஊரில் துலாக்கிணறு உண்டு. எங்கள் ஊரில் பனங்கூடல் உண்டு. எழுதியது முழுக்க அவர் பிறந்த ஊர். பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தால் பாலை மரமும் வீரை மரமும்தான் நின்றன. பனங்கூடலைக் காட்டுவதற்கு அவர் பிள்ளைகளை ரயில் ஏற்றித்தான் கொண்டு போகவேண்டும். ஆனால் அது வகுப்பில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

எப்படி உறைக்கும்? அந்தக் காலத்து வட்டக்கச்சிக் கொலனி அப்படி. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி அரசாங்கம் காடு வெட்டிக் காணி கொடுத்தது. யாழ்ப்பாணத்துச் சனம் சட்டி பானையோடு வந்து குடியேறியது. உழுதது இங்கே, விதைத்தது இங்கே, காய்ச்சல் வந்து கிடந்ததும் இங்கே. ஆனால் "உங்கட ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள், கை வடக்கே நீளும். பிள்ளைப்பேற்றுக்குக் கூடப் பெண்கள் "ஊருக்கு" என்றுதான் போவார்கள். பிள்ளையைப் பெற்று, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, தூக்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். கொலனிக்குள் இருந்த குடியிருப்புகளுக்கு ஒரு பெயர் கூட ஒழுங்காகக் கிடையாது. ஏழாம் யூனிற், எட்டாம் யூனிற் என்று வெறும் நம்பர்தான்.

"பாலன், உன்ர ஊர்?"

"அளவெட்டி, மாஸ்டர்!"

"யோகநாதன்?"

"வேலணை!"

"நேசமலர்?"

"கரவெட்டி!" நேசமலர் சொன்ன விதத்தில் கரவெட்டியே அவளுடைய சீதனம் போல இருந்தது.

"விமலேஸ்வரி?"

விமலேஸ்வரி எழும்பினாள். வாய் திறந்தது, சொல் வரவில்லை. அவளும் ஏழாம் யூனிற்தான். கடைசிக் காணி வீரகத்தியின் மகள். ஊர் என்ற ஒன்றுக்கு அவள் ஒருநாளும் போனதில்லை, ஊரில் இருந்து அவர்கள் வீட்டுக்கு ஒருவரும் வந்ததுமில்லை.

"அவளுக்கு ஊர் இல்லை, மாஸ்டர்," என்றான் பாலன். "அவள் இஞ்சை காட்டுக்கை பிறந்தவள்!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பாலன் பொல்லாதவன் என்று சொல்லமாட்டேன். வாய்க்கு வேலி இல்லாதவன். வேலி இல்லாத அந்த வாய் அன்றைக்கு மேய்ந்தது விமலேஸ்வரியின் பயிரை.

"சீ, அப்பிடிச் சொல்லக்கூடாது. ஊர் இல்லாத ஆக்களும் இருக்கினமோ? வீட்டிலை கேட்டுக்கொண்டு வா பிள்ளை," என்றுவிட்டு மாஸ்டர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

பின்னேரம் குசினிக்குள் தாய் இராசமலர் அடுப்பூதிக்கொண்டிருந்தாள். விமலேஸ்வரி கதவடியில் நின்று கேட்டாள். "அம்மா, எங்கட ஊர் எது?"

அடுப்பூதுவது நின்றது. "உதை ஆர் கேக்கச் சொன்னது?"

"மாஸ்டர். எல்லாருக்கும் ஊர் இருக்கு. எனக்கு மட்டும் இல்லையாம்."

இராசமலர் புகையில் கண்ணைத் துடைத்தாள். புகைதான் என்று சொல்லவும் முடியாது. "நான் வீட்டிலை சொல்லாமல் கொப்பரோட வெளிக்கிட்டு வந்த அண்டைக்கே ரெண்டு வீட்டுக்காரரும் கதவைப் பூட்டிப்போட்டினம் பிள்ளை. உன்னைப் பெறவும் போறதுக்கு ஒரு வாசல் இருக்கேல்லை. எங்களுக்கு ஊருமில்லை, உறவுமில்லை. இந்த வளவுதான்."

அந்த நேரம் வீரகத்தி மண்வெட்டியை வேலியில் சாத்திவிட்டு வந்தார். "இண்டைக்கும் எங்கட காணிக்குத் தண்ணி வந்து சேரேல்லை. மேலை உள்ளவங்கள் மறிச்சுப்போட்டாங்கள்," என்று அலுத்துக்கொண்டார். வாய்க்காலின் கடைசியில் இருப்பவனுக்கு அது வழக்கமான கதைதான்.

விமலேஸ்வரிக்கு அழுகை வந்தது. ஊரும் வராது, தண்ணியும் வராது, இது என்ன வீடு! வந்த அழுகையைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினாள்.

மறுநாள் என்ன பதில் சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனாள். மாஸ்டர் கேட்கவே இல்லை. மறந்துபோனார்! அவளுக்கு வந்த கோபக் கொதியை நினைத்துப் பாருங்கள். இல்லை என்று சொல்லக்கூட ஒரு வாய்ப்புத் தராமல் விட்டால் எப்படி இருக்கும்?

ஆனால் கொதியைக் காவித் திரிய மாஸ்டர் விடவில்லை. முற்றத்தில் ஒரு தடியை நட்டு, அதன் நிழல் எங்கே விழுகிறது என்று காட்டினார். சூரியன் உதிக்கிற பக்கம் கையை நீட்டு, அது கிழக்கு. கிழக்கைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு. இவ்வளவுதான் விசயம், ஆனால் பிள்ளைகளுக்குத் தலைகால் தெரியவில்லை. "வடக்கு!" என்று மாஸ்டர் கத்தினால் முழு வகுப்பும் வடக்கு வேலிக்கு ஓடியது. "மேற்கு!" என்றால் ஒருவரை ஒருவர் இடித்து விழுந்து மேற்குக்கு ஓடியது. விமலேஸ்வரியும் ஓடினாள், எல்லாரையும் முந்தி ஓடினாள். "வடக்கிலைதான் எங்கட ஊர்" என்று பாலன் ஆக்கள் வேலியடியில் குதித்தபோது அவள் மட்டும் திரும்பித் தெற்கே பார்த்தாள். தெற்கே மரங்களுக்கு அப்பால் குளக்கட்டு இருக்கிறது. அங்கே இருந்துதான் தண்ணீர் வருகிறது. அது தனக்கு ஏன் இதுவரை தோன்றவில்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்றைக்கே முற்றத்தைப் பிரித்துக் கொடுத்தார் மாஸ்டர். அளவெட்டிக்கு ஒரு துண்டு, வேலணைக்கு ஒரு துண்டு, கரவெட்டிக்கு ஒரு துண்டு. சமதரையான இடங்களுக்குப் பெரிய அடிபாடு. விமலேஸ்வரிக்குத் துண்டு இல்லை. "நீ பாலன் ஆக்களோட நிண்டு தண்ணி அள்ளிக் குடு, என்ன?" என்றார் மாஸ்டர். தண்ணி அள்ளிக் கொடுக்கிற உத்தியோகம்! பாலனுக்கு அதில் இருந்த சந்தோசம் சொல்லி மாளாது.

புதன்கிழமை மாஸ்டர் ஒரு வெறும் போத்தலோடு வந்தார். பாதிக்குத் தண்ணீர் விட்டு, உடுப்புக்குப் போடும் நீலத்தில் ஒரு துளி கரைத்து, மூடிப் படுக்க வைத்தார். பிறகு மெல்லச் சரித்தார். போத்தல் சரிந்தது, உள்ளே நீலத் தண்ணீர் சரியவில்லை. மட்டமாகவே நின்றது.

"பாத்தியளோ? ஆர் சரிஞ்சாலும் தண்ணி சரியாது. எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம் போய்ச் சேரும்."

ஐயோ, அந்தப் போத்தலுக்கு வந்த மவுசு! ஆளாளுக்குப் பறித்துத் தாங்கள் இருக்கும் வாங்கில் வைத்துப் பார்த்தார்கள், சன்னல் கட்டில் வைத்துப் பார்த்தார்கள். யோகநாதன் நேசமலரின் தலையில் வைத்துப் பார்த்து, "இவளின்ர தலை கோணல், மாஸ்டர்!" என்று அறிவித்தான். மாஸ்டரின் மேசையே ஒரு பக்கம் சரிவு என்று கண்டுபிடித்தபோது வகுப்பு முழுக்கக் கைதட்டியது.

விமலேஸ்வரி கைதட்டவில்லை. முந்தின நாள் அவள் காவிக்கொண்டு போன வாளி ஓரிடத்தில் தளம்பி ஊற்றியது ஞாபகம் வந்தது. சிந்திய தண்ணீர் தேங்கி நிற்காமல் முற்றத்தைத் தாண்டி வேலி மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. சரிவென்று ஒருவரும் வேண்டாமென்று விட்ட மூலை. சரிவு! சரிவென்றால் வாய்க்கால் ஓடும்!

பள்ளிக்கூடம் விட்டதும் போத்தலை மாஸ்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அந்த மூலைக்குப் போனாள். கிணற்றடியில் உடைந்து கிடந்த பானையின் அடிப்பாகத்தைத் தெற்கு மேட்டில் பதித்தாள். அது குளம். பானையில் முன்னமே ஓர் ஓட்டை இருந்தது. அதைத் துணியால் அடைத்தாள். அது துருசு, அதைத் திறந்தால்தான் தண்ணீர் குளத்தை விட்டு வெளியே வரும். அதிலிருந்து களிமண் பூசி, வடக்கே போய் மேற்கே திரும்புகிற ஒரு வாய்க்கால். வாய்க்காலின் இரு பக்கமும் வரம்பு கட்டிச் சின்னச் சின்ன வயல்கள், வயலுக்குள் அறுகம்புல், ஒவ்வொரு வயலுக்கும் பக்கத்தில் வீடென்று ஒரு கல். அவளுக்கு ஊர் இல்லாவிட்டால் என்ன? இந்த வாய்க்கால் அவளுக்குக் கரும்பலகையை விட வடிவாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் அதன் கரையால்தான் பள்ளிக்கூடம் வருகிறாள்.

வியாழக்கிழமை வேலை மும்முரம். அளவெட்டியில் ஈர்க்கால் செய்த கிணற்றுத் துலா ஆடியது, கரவெட்டியில் கோபுரம் எழும்பியது. முதலில் மூலைப் பக்கம் வந்தவள் நேசமலர். சும்மா பார்க்கத்தான் வந்தாள்.

"இதென்ன கல்லு?"

"உங்கட வீடு."

"பொய்!"

"ஏன் பொய்? இது வாய்க்கால், இது மதவு, மதவு தாண்டினா முதல் வீடு நீங்கள். அங்காலை யோகநாதன். அவைக்குப் பக்கத்திலை பாலன். கடைசி நாங்கள்."

நேசமலர் குனிந்து பார்த்தாள். பிறகு அலறினாள். "டேய் யோகநாதன்! ஓடிவா, எங்கட வீடு இஞ்சை கிடக்கு!"

அவ்வளவுதான். வேலணை காலி, கரவெட்டி காலி. எல்லாரும் மூலைக்கு ஓடி வந்தார்கள். "எங்கட வீட்டு முன்னாலை பாலைமரம் இருக்கு, வை!" "எங்கட மாட்டுக்கொட்டில் எங்கை?" "எங்கட வளவு பெரிசு, உந்தக் கல்லு காணாது!" விமலேஸ்வரிக்கு மூச்சு விட நேரமில்லை. ஓடி ஓடிக் கல் வைத்தாள், குச்சி நட்டாள். பாலன் மட்டும் அளவெட்டியை விட்டு அசையவில்லை, கோபத்தில் துலாவை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு துருசைத் திறந்தார்கள். தண்ணீர் ஓடியது! ஓடியதுதான் தாமதம், பிள்ளைகளுக்குத் தகப்பன்மாரின் புத்தி வந்துவிட்டது. நேசமலர் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பினாள். யோகநாதன் அதை மண் போட்டு மறித்துத் தன் பக்கம் வெட்டினான். "எங்கட முறையடி!" "உங்கட முறை நேற்று முடிஞ்சுது!" பெரியவர்கள் வாய்க்கால் கரையில் சொல்லுகிற சொல் எல்லாம், சொல்லக்கூடாத சொல்லும் சேர்ந்து, பள்ளிக்கூட முற்றத்தில் பறந்தது. இந்தச் சண்டையில் கடைசி வயலுக்கு ஒரு சொட்டும் வரவில்லை. விமலேஸ்வரி செய்த ஊரிலேயே விமலேஸ்வரிக்குத் தண்ணி இல்லை!

மாஸ்டர் பிரம்போடு வந்தார். "ஊர் செய்யச் சொன்னா வாய்க்கால் சண்டை பிடிக்கிறியளோ? இதென்ன இது?"

"ஊர், மாஸ்டர். ஏழாம் யூனிற்," என்றாள் விமலேஸ்வரி. குரல் கீழே போய்விட்டது.

"யூனிற்! நம்பருக்கு ஆரும் ஊர் எண்டு சொல்லுவினமே? கோயில் எங்கை, கிணறு எங்கை? இன்ஸ்பெக்டர் இந்தச் சேற்றைப் பார்த்தா என்னைத்தான் கேப்பார்." அவர் சுற்றிப் பார்த்தார், உடைக்கச் சொல்ல மனம் வரவில்லைப் போலும். "நாளைக்கு அவர் வரமுன்னம் இதைக் கிடுகாலை மூடிவிடு."

எல்லாரும் போன பிறகு அவள் அழுதுகொண்டே வேலை செய்தாள். போத்தலை வாய்க்காலுக்குள் படுக்க வைத்து வைத்துப் பார்த்தாள். பாலன் வீட்டுக் கல்லடியில் நீலத் தண்ணீர் பின்பக்கம் போனது. அப்படியென்றால் அங்கே மேடு! மேட்டைச் சுரண்டித் தடவிச் சரிவாக்கினாள். பிறகு வேலியடியில் கிடந்த தென்னோலைக் கிடுகை எடுத்து மூடினாள்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். தொப்பி, கண்ணாடி, வேர்வை. கோபுரத்தைப் பார்த்து "நல்லது" என்றார், பனங்கூடலைப் பார்த்து "நல்லது" என்றார். மாஸ்டரின் முகம் மலர்ந்தது. அளவெட்டியடியில் பாலன் விறைத்து நின்றான்.

"திசை படிச்சனீங்களோ?"

"ஓம், சேர்!"

"சரி. உங்கட வீட்டுக்குக் கிழக்கை ஆரின்ர வீடு?"

பாலன் பொறி கலங்கினான். அளவெட்டிக்கு அவன் போவது வருசத்தில் ஒருதரம், கோயில் திருவிழாவுக்கு. பக்கத்து வீட்டில் யார் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்கிற பிள்ளையா அவன்? சூரியன் பக்கம் கையை நீட்டினான், வாயில் வந்ததைச் சொன்னான்.

"யோகநாதன் வீடு, சேர்!"

"எந்த யோகநாதன்?"

"உந்தா நிக்கிறான்."

இன்ஸ்பெக்டர் யோகநாதனைப் பார்த்தார். "தம்பி எந்த ஊர்?"

"வேலணை, சேர்."

"வேலணையிலை இருக்கிற வீடு எப்பிடியடா அளவெட்டியிலை கிழக்கை வரும்? நடுவிலை கடலெல்லே கிடக்கு!"

முற்றம் சிரிப்பில் குலுங்கியது. பாலனின் காது சிவந்துவிட்டது. "பொய் இல்லை, சேர்! மெய்யாய்க் கிழக்கைதான்! நான் ஒவ்வொரு நாளும் வேலிப் பொட்டுக்காலை பூந்து போறனான்!"

"அப்ப அந்த வீட்டை எனக்குக் காட்டு பாப்பம்."

பாலன் அளவெட்டியைப் பார்த்தான். அங்கே அந்த வீடு இல்லை. மெல்லத் திரும்பி வேலி மூலையைப் பார்த்தான். அவன் மட்டுமல்ல, முழு வகுப்பும் அந்தக் கிடுகைப் பார்த்தது. மாஸ்டருக்கு முதுகெல்லாம் வேர்த்தது.

"அது உதுக்குக் கீழை கிடக்கு, சேர்," என்றான் பாலன்.

விமலேஸ்வரி மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். அவள் ஓடிப்போய்க் கிடுகைத் தூக்கி எறிந்தாள்.

"இது ஆரின்ர ஊர்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எங்கட," என்றாள். திங்கட்கிழமை வராத குரல் இன்றைக்கு வந்தது. "தெற்கை குளம், சேர். தண்ணி வடக்கை ஓடி மேற்கை திரும்பும். இது நேசமலர் வீடு, இது யோகநாதன் வீடு, இது பாலன் வீடு. அதுக்குக் கிழக்கைதான் யோகநாதன் வீடு. கடைசி வீடு எங்கட. நான் பிறந்த வீடு."

"தண்ணி மெய்யாய் ஓடுமோ?"

கடைசி வரை ஓடுமா என்று அவளே இன்னும் பார்க்கவில்லை. வாளித் தண்ணீரைக் குளத்தில் ஊற்றித் துணியை இழுத்தாள்.

தண்ணீர் சளசளவென்று வெளியே வந்தது. நேசமலர் வீட்டைத் தாண்டியது. நேசமலர் தன் வயல் வாயைக் காலால் மறித்துக்கொண்டு நின்றாள். யோகநாதன் வீட்டைத் தாண்டியது. பாலன் வீட்டடியில் வந்து தயங்கி, திறந்து கிடந்த அவனுடைய வயலுக்குள் திரும்பப் பார்த்தது.

"பாலன்!" என்று வகுப்பே கத்தியது.

பாலன் பாய்ந்து விழுந்தான். வெள்ளைச் சேட்டோடு சேற்றில் முழங்கால் குத்தித் தன் வயல் வாயை இரண்டு கையாலும் பொத்தினான். "போ! போ! அவையின்ர காணிக்குப் போ!" என்று தண்ணீருக்குச் சொன்னான்.

தண்ணீர் போனது! சுரண்டித் தடவிய இடத்தில் வழுக்கிக்கொண்டு போய்க் கடைசி வயலுக்குள் விழுந்தது. அறுகம்புல் நனைந்து நிமிர்ந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜீப் சாரதி ஓடி வந்து எட்டிப் பார்த்தான். விமலேஸ்வரி குதித்த குதியில் வாளி உருண்டது.

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே புத்தகத்தில் ஏதோ எழுதினார், தேத்தண்ணி குடித்தார், போய்விட்டார். பள்ளிக்கூடமும் விட்டது. மாஸ்டர் வழக்கம் போல ரயிலுக்கென்று சைக்கிளை எடுத்தவர் மூலையடியில் நின்றார். அங்கே விமலேஸ்வரி தனியே இருந்து வரம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நான் இருக்கிற குவாட்டர்ஸ் வீடு எங்கை?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு வைக்கேல்லை, மாஸ்டர். நீங்கள் வெள்ளிக்கிழமை எண்டா ஊருக்குப் போறனீங்கள் தானே."

குத்திச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. எட்டு வருசமாக இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். சைக்கிளைச் சாத்திவிட்டு, குனிந்து, முற்றத்தில் ஒரு கல்லைத் தேடி எடுத்தார். வேட்டியில் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"இதை எங்கையாவது வைக்கலாமோ?"

விமலேஸ்வரி உடனே வாங்கவில்லை. வாய்க்காலை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தாள். காணி பிரித்துக் கொடுக்கிற அதிகாரி கூட அப்படி யோசித்திருக்க மாட்டார்.

"எங்கட வீட்டுக்குப் பக்கத்திலை இடம் கிடக்கு, மாஸ்டர். வையுங்கோ," என்றாள். "ஆனா இப்பவே சொல்லிப்போட்டன், எங்கட வயல் நிரம்பினாப் பிறகுதான் உங்களுக்குத் தண்ணி."